குளிப்பாட்டிய கப்ளிங்

நைலான் தண்ணீர் குடிக்கும். பிளாஸ்டிக் படிக்க வந்த உங்களுக்கு இதை முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருப்பார்கள், நீங்களும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருப்பீர்கள். அதை நான் மறுபடியும் சொல்லப்போவதில்லை. எந்த பிளாஸ்டிக்கை எதோடு எத்தனை பங்கு கலப்பது, எத்தனை மணி நேரம் உலர்த்துவது, மெஷினில் என்ன சூடு வைப்பது, இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் போனிலேயே இருக்கிறது. நான் சொல்ல வந்தது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. கடலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியின் லேபில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, மற்றவர்கள் செய்த பொருளில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கினவள் நான். 2012-இல் ரிட்டயர் ஆனேன். கேக்கையும் சால்வையையும் வாங்கிக்கொண்டு, "மேடம் கையெழுத்துப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம்" என்று எல்லோரும் பேசியதையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் என் வாய்க்கும் பங்கு உண்டு. வீடு சிதம்பரத்தில், நடராஜர் கோயில் கீழ வீதிக்குப் பக்கத்துச் சந்தில். காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்துக் கடலூர் போவேன். உட்கார இடம் கிடைக்காவிட்டால் அன்றைக்கு லேபில் யாருக்காவது திட்டு நிச்சயம். "மேடம் இன்னைக்கு நின்னுகிட்டே வந்திருக்காங்க போல" என்று பசங்கள் முணுமுணுப்பது என் காதில் விழும். வேலையில் சுத்தம்தான், ஆனால் வாய் ஜாஸ்தி. புகார் சொல்ல வருகிறவரை அவர் சொல்லி முடிப்பதற்குள் மடக்கிவிடுவது என் கெட்டிக்காரத்தனம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் புதுப்புது ஃபைபர் போட்டுகள் இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு டீசல் இன்ஜின், அதிலிருந்து பின்பக்கம் நீளமாக ஓர் இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி. இன்ஜினின் சுழற்சியைத் தண்டுக்குக் கொடுக்கிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக ஒரு துண்டு இருக்கும். அதுதான் கப்ளிங். அது போனால் இன்ஜின் பாட்டுக்கு ஓடும், போட்டு நகராது. இரும்பில் செய்தால் உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். துறைமுகத்துப் பக்கம் இன்ஜின் பட்டறை வைத்திருந்த ஒரு பாய், அதைப் பிளாஸ்டிக்கில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டு எங்களிடம் வந்தார். முதலில் நைலானில் போட்டுக் கொடுத்தோம்.

நைலான் அச்சிலிருந்து வெளியே வரும்போது காய்ந்து விறைப்பாக இருக்கும். ஓங்கித் தட்டினால் உடையும். அதற்குக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டால் நெகிழ்ந்து அடி தாங்கும். அதற்காக, அச்சிலிருந்து வந்த பீஸ்களை ஒரு பெரிய ட்ரம்மில் சூடான தண்ணீரில் நான்கு மணி நேரம் ஊறப்போடுவோம். பீஸ்களை அச்சில் வார்க்கிற மோல்டிங் ஷாப்பின் ஃபோர்மேன் கலியமூர்த்தி இதற்கு வைத்திருந்த பெயர் குளிப்பாட்டறது. "பீஸ குளிப்பாட்டியாச்சா?" என்று அவர் சத்தம் போட்டால் ஷாப்பில் யாரும் சிரிக்க மாட்டார்கள், அந்த அளவுக்குப் பழகிப்போன வார்த்தை.

கலியமூர்த்திக்குத் திருவந்திபுரம் பக்கம் ஊர். எதையும் வீணாக்க மனசு வராது. எங்கள் பாய்லர் முந்திரித் தோலில் எரிவது. பண்ருட்டியிலிருந்து லாரியில் வந்து இறங்கும். பாய்லரிலிருந்து ஷிஃப்டுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொதிநீரை வெளியே விட்டாக வேண்டும். அந்தச் சூடெல்லாம் சாக்கடைக்குப் போவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு பைப்பை இழுத்து ட்ரம்மில் விட்டுவிட்டார். தனியாகத் தண்ணீர் காய்ச்சும் வேலை மிச்சம். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவருக்கு ஓர் எவர்சில்வர் குடம் பரிசு கொடுத்தார்கள். பாய்லர் தண்ணீரில் குழாய் அரிக்காமல் இருக்கக் காஸ்டிக் சோடா சேர்ப்பார்கள். நைலானுக்கு அதனால் கெடுதல் இல்லை. பார்த்துச் சொன்னது நான்தான்.

நைலான் கப்ளிங் அடி நன்றாகத் தாங்கியது. ஆனால் கடலில் கிடந்து கிடந்து மேலும் தண்ணீர் குடித்தது. குடித்துக் குடித்து உப்பியது. நடுத் துளை அகலமாகித் தண்டு ஆடியது. ஒரு சீசன் முடிவதற்குள் லொடலொட. பாய் நடையாய் நடந்தார். 2008 தொடக்கத்தில் நாங்கள் நைலானை மாற்றினோம். இரண்டு பிளாஸ்டிக்குகளைச் சேர்த்து உருக்கிய கலவை. ஒன்று அடி தாங்கும், இன்னொன்று டீசலும் எண்ணெயும் பட்டால் தாங்கும். தண்ணீர் கிட்டத்தட்டக் குடிக்கவே குடிக்காது. தேவனாம்பட்டினத்திலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதில் அதே கலவையில் வார்த்த சோதனைப் பட்டைகளை மாதக்கணக்கில் ஊறப்போட்டேன். எடுத்து ஒவ்வொன்றாக மெஷினில் மாட்டி, ஊசல் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். காய்ந்த பட்டை தாங்கிய அடியை ஊறிய பட்டையும் தாங்கியது. பீஸை வைத்து அடிக்கவில்லை, பட்டையைத்தான் அடித்தேன். இந்த வரியை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி என் தப்பு. அந்தக் கலவைக்கு ஒரு பலவீனம் உண்டு. பச்சைத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. சூடான தண்ணீர், அதிலும் சோடா கலந்த சூடான தண்ணீர், மேல்தோலிலிருந்து ஆரம்பித்து அதை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் அரைப் பக்கம் எழுதி முழு மார்க் வாங்கியிருப்பேன். ஆனால் மோல்டிங் ஷாப்புக்குப் புது வேலைக் கார்டு அனுப்பியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய கார்டை எடுத்து, நைலான் என்ற இடத்தை அடித்துவிட்டுப் புதுக் கலவையின் பெயரை மேலே எழுதி, கையெழுத்துப் போட்டேன். நான்கு மணி நேரம் ஊறவைக்கவும் என்ற வரி கீழே அப்படியே இருந்தது. அந்த வரி எத்தனையோ வருஷமாக அங்கே இருக்கிறது. தினமும் பார்க்கிற வரி கண்ணில் படுவதே இல்லை.

தினப்படி நான்கு மணி நேரம் ஊறினதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் போட்ட பீஸ்களை ட்ரம்மில் போட்டுவிட்டு எல்லோரும் லீவில் போய்விட்டார்கள். பாய்லரை மட்டும் ஆள் வைத்து ஓட்டினார்கள். நாலு நாளும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கொதிநீர் ட்ரம்முக்கு வந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்து எடுத்தார்கள், துடைத்தார்கள், அனுப்பினார்கள். லேபில் அதே லாட்டின், அதாவது அதே தடவை வார்த்த கலவையின், பட்டைகள் மேஜை டிராயரில் ராணி மாதிரி படுத்திருந்தன. ட்ரம்மின் பக்கமே அவை போனதில்லை. அடித்துப் பார்த்தேன், பாஸ்.

நாலைந்து நாள் கழித்துப் பாய் போன் செய்தார்.

"மேடம், இந்த தடவ வந்த பீஸ்ல பளபளப்பே இல்ல. மேல சுண்ணாம்பு பூத்தா மாதிரி இருக்குது. கொஞ்சம் பாத்து சொல்றீங்களா?"

"பாய், நீங்க என்ன, பொண்ணுக்கு வளையலா வாங்குறீங்க? பளபளப்பு எதுக்கு? ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன் இல்ல, படிச்சிப் பாருங்க."

"இல்ல மேடம், வழக்கமா..."

"வழக்கமெல்லாம் எனக்கும் தெரியும் பாய். மாட்டுங்க."

பாவம், சிரித்துக்கொண்டே போனை வைத்தார். லேபில் பசங்கள்கூடச் சிரித்தார்கள். பாயின் பட்டறை எங்களிடமிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷம். ஒரு பீஸைக் கொண்டுவரச் சொல்லித் தரையில் ஓங்கி ஒரு போடு போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பொருளைத் தினமும் கையில் வைத்துப் புழங்குகிறவர் ஏதோ மாறியிருக்கிறது என்றால், உங்கள் பட்டியலில் அதற்கு ஒரு சோதனை இல்லையே என்று பார்க்காதீர்கள். எழுந்து போங்கள். நான் போகவில்லை.

கார்த்திகை மாதம். கடல் கொந்தளிப்பாக இருந்தது, ஆனாலும் இரண்டு நாள் மழை விட்டதும் தேவனாம்பட்டினத்துக்காரர்கள் தொழிலுக்குப் போனார்கள். அஞ்சப்பன் என்பவருடைய போட்டில் நான்கு பேர். எப்போதும் இன்ஜினில் அஞ்சப்பன்தான் உட்காருவார். அன்று அவர் கையில் கெளுத்தி முள் குத்தி வீங்கியிருந்ததால் மனைவியின் தம்பி தேசிங்கை உட்காரவைத்தார். தேசிங்குக்கு இருபத்துநாலு வயது. திரும்பி வரும்போது கெடிலம் ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் பின்னாலிருந்து பெரிய அலை வந்திருக்கிறது. அந்த இடத்தில் வேகம் கொடுத்து அலைக்கு முன்னால் ஓடி உள்ளே வந்துவிட வேண்டும். தேசிங்கு வேகம் கொடுத்தான். கப்ளிங் உடைந்தது. போட்டு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. மூன்று பேர் நீந்திக் கரையேறினார்கள். அஞ்சப்பன் வலைக்குள் சிக்கிக்கொண்டார். மறுநாள் காலையில்தான் கிடைத்தார்.

கரையில் நின்றவர்கள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: இன்ஜின் அலறிய சத்தம். அதை வைத்து ஊர் முடிவு செய்துவிட்டது. புதுசாக உட்கார்ந்த பையன் பயந்துபோய் ஆக்சிலேட்டரை ஒரேயடியாகத் திருகிவிட்டான், அதில்தான் உடைந்தது என்று. உண்மை நேர் தலைகீழ். முதலில் கப்ளிங் உடைந்தது. சுமை விட்டுப்போனதும் இன்ஜின் தானாக அலறியது. வேலை தெரிந்தவர்களுக்கு இது ஒரு நிமிஷத்தில் புரியும். ஆனால் அஞ்சப்பன் வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அதை யார் சொல்வது?

நான்தான் சொல்லியிருக்க வேண்டும். சந்தர்ப்பம் என் மேஜைக்கே வந்தது. காரியம் முடிந்த மறுநாள் தேசிங்கு கம்பெனி வாசலுக்கு வந்தான். செக்யூரிட்டி போன் செய்து, யாரோ மீனவர், உடைந்த பீஸ் வைத்திருக்கிறார் என்றார். உள்ளே வரச் சொன்னேன். மொட்டை அடித்திருந்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் முடிந்திருந்த இரண்டு துண்டுகளை எடுத்து என் மேஜையில் வைத்தான்.

"தண்டுல மாட்டிகினு இருந்துது மேடம். பாய்தான் ஒங்களாண்ட போகச் சொன்னாரு."

"என்ன நடந்தது, சொல்லுங்க."

"அலை வந்துது, வேகம் குடுத்தேன். எப்பவும் எங்க மாமா குடுக்குற அளவுதான். டப்புனு ஒரு சத்தம். அப்புறம் இன்ஜின் மட்டும் கத்துது, போட்டு போவல." துண்டுகளை என் பக்கமாகத் தள்ளினான். "ஊர்ல எல்லாரும் நான்தான் ஒடைச்சேன்றாங்க. எங்க அக்கா ஏங்கூட பேச மாட்டேங்குது. வேற எதுவும் வேணாம் மேடம். நான் ஒடைச்சனா, அதுவா ஒடஞ்சிதா? அத மட்டும் சொல்லுங்க."

துண்டுகளைக் கையில் எடுத்தேன். நல்ல பிளாஸ்டிக் உடைந்தால் ஓரம் இழுபட்டு வெளுத்திருக்கும், கிழிந்த துணி மாதிரி. இது கடலை மிட்டாய் மாதிரி சுத்தமாக விட்டிருந்தது. மேல்தோல் முழுக்க மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. சுண்ணாம்பு பூத்த மாதிரி. பாய் சொன்ன அதே வார்த்தை. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஏன் என்றும் தெரிந்துவிட்டது, ட்ரம் கண் முன்னால் வந்து நின்றது.

"டெஸ்ட் பண்ணணும். பண்ணிட்டுச் சொல்றேன்" என்றேன்.

"எப்ப மேடம் வரட்டும்?"

"சொல்லி அனுப்புறேன்."

கும்பிட்டுவிட்டுப் போனான். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனான் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

அவன் போனதும் ஸ்டோரில் மீதியிருந்த தீபாவளி லாட்டில் ஒரு பீஸை வாங்கிக்கொண்டு மோல்டிங் ஷாப்புக்குப் போனேன். கலியமூர்த்தியின் கண் முன்னால் சிமெண்டுத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். மூன்றாகப் போனது.

"கலியமூர்த்தி, இத ட்ரம்ல போட்டீங்களா?"

"ஆமா மேடம். குளிப்பாட்டாம எப்பிடி அனுப்புறது?"

"இது நைலான் இல்லியே."

"கார்டுல இருக்குதே மேடம்." ஓடிப்போய் எண்ணெய்க் கறை படிந்த கார்டை எடுத்துவந்தார். என் கையெழுத்தைப் பார்த்தார், அதற்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு விஷயம் மெதுவாகத்தான் ஏறியது. ஏறியதும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போட்டிருப்பனா மேடம்?" என்றார். அன்று மாலையே ஹேக்ஸா பிளேடை எடுத்து அந்த பைப்பைத் தன் கையாலேயே அறுத்துப் போட்டார்.

ஜி.எம். அறைக்குப் போனேன். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன், என் கார்டு உட்பட. அவர் கெட்டவர் இல்லை. முகம் செத்துப்போய்விட்டது.

"எத்தன போட்டுல இருக்குது மேடம்?"

"முப்பதுக்கு மேல இருக்கும் சார்."

"இன்னைக்கே ஆரம்பிங்க. ஒரு வாரத்துல ஒண்ணுகூட கடல்ல இருக்கக் கூடாது. ராத்திரி பகல் பாக்காம புதுசா போட்டுக் குடுங்க. ஆனா..." கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார். "தப்பு நம்ம மேலன்னு ஒரு பேப்பர் வெளிய போவக் கூடாது. போச்சின்னா கம்பெனிய மூடிட்டு போவ வேண்டியதுதான். இங்க வேல செய்யிறவங்க குடும்பத்த நெனச்சிப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். என் குடும்பத்தையும்தான். சரி என்று தலையாட்டினேன்.

அந்த வாரம் நாங்கள் உழைத்த உழைப்பை எந்தக் குறையும் சொல்ல முடியாது. ட்ரம் பக்கம் போகாத பீஸ்களைப் புதுசாக வார்த்து, ஒவ்வொரு லாட்டிலும் பட்டையோடு பீஸையும் அடித்துப் பார்த்து அனுப்பினோம். பாய் தன் ஆட்களோடு கரையில் நின்று போட்டு போட்டாக மாற்றினார். மீனவர்களிடம் என்ன சொல்லி மாற்றினோம் தெரியுமா? "புது மாடல் வந்திருக்குது, கம்பெனி சும்மா மாத்தித் தருது." அவர்களும் சந்தோஷமாக மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் எனக்கு ஒரு கூறு வஞ்சிர மீன்கூடக் கொடுத்தனுப்பினார். ஏழு நாளில் எல்லாம் மாறியது. இன்னொரு கப்ளிங் உடையவில்லை, இன்னொரு உயிர் போகவில்லை. சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதில்தான் நான் வழுக்கினேன், நீங்களும் வழுக்குவீர்கள். பீஸை மாற்றிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த பீஸ் உடைந்ததற்காக ஒருத்தன் தலையில் ஏற்றிவைத்த பழி இருக்கிறதே, அதை யார் இறக்குவது? முப்பது போட்டுக்காரர்களுக்குப் பொய் சொல்லி அவர்கள் உயிரைக் காப்பாற்றினோம். அதே பொய்தான் தேசிங்கின் கழுத்தில் கிடந்தது. புது மாடல் என்று சொன்ன பிறகு பழைய மாடலில் கோளாறு இருந்தது என்று எப்படிச் சொல்வது?

ஊர்ப் பஞ்சாயத்து கூடி, தேசிங்கு இனிமேல் எந்தப் போட்டிலும் இன்ஜினில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. இதைப் பாய்தான் எனக்குச் சொன்னார். இன்ஜினில் உட்காரக் கூடாதவனை எந்தப் போட்டில் நம்பி ஏற்றுவார்கள்? அவன் கரையில் வலை பிரித்துக் கொடுத்துக்கொண்டும், ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டும் இருந்தான்.

என்னிடம் மூன்று தடவை வந்தான். பொங்கலுக்கு முன்னால் ஒரு தடவை. மாசி மகத்துக்குச் சாமிகளெல்லாம் கடலுக்கு வந்து போன மறுநாள் ஒரு தடவை. பங்குனி வெயிலில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே நின்று, "ரிப்போர்ட் வந்துச்சா மேடம்?" என்று கேட்பான். இன்னும் வரவில்லை, வெளியூருக்கு அனுப்பியிருக்கிறேன் என்பேன். எந்த வெளியூர்? துண்டுகள் என் டிராயரில்தான் இருந்தன. மூன்றாவது தடவை, "ஒங்க கையெழுத்து போட்டு ஒரு பேப்பர் குடுத்தீங்கன்னா போதும் மேடம், பஞ்சாயத்துல காட்டுவேன், எங்க அக்காகிட்ட காட்டுவேன்" என்றான். ஆகட்டும் என்றேன். என் வாய்தான் நீளமாயிற்றே, அவனிடம் மட்டும் ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

கலியமூர்த்தி என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே கேட்டார். "அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டீங்களா மேடம்?" சொல்லணும் என்பேன். ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

வைகாசியில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட்டுகள் மறுபடி இறங்கிய சமயம், பாய் லேபுக்கு வந்தார். வழக்கமான கும்பிடு இல்லை.

"தேசிங்கு ஊர விட்டுப் போயிட்டான் மேடம். கேரளா பக்கம்னு சிலபேர் சொல்றாங்க, கப்பல்ல ஏறிட்டான்னு சிலபேர் சொல்றாங்க. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறான்."

இன்றுவரை அவன் திரும்பவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் ஏதோ நல்ல சேதி வரப்போகிறது என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம்.

அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்லாதீர்கள். கேட்டு நச்சரிக்க ஆள் இல்லாமல் போன பிறகு வருவதற்குப் பெயர் தைரியம் இல்லை. கம்ப்யூட்டரில் அடிக்காமல் என் கையாலேயே ஒரு பக்கம் எழுதினேன். கப்ளிங் உடைந்ததற்குக் காரணம் எங்கள் கம்பெனியில் அதை ஊறவைத்த முறை, அதற்குப் பொறுப்பு நான், ஓட்டியவர் மேல் எந்தத் தவறும் இல்லை. கீழே கையெழுத்து. ஒரு நகலை ஜி.எம். மேஜையில் வைத்தேன். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கம்பெனி மூடிச்சின்னா மூடட்டும் சார்" என்றேன். கம்பெனி மூடவில்லை. அதற்குப் பிறகும் நன்றாகவே ஓடியது. நாங்கள் பயந்த பயமெல்லாம் எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை.

பாய் என்னைத் தேவனாம்பட்டினத்துக்கு அழைத்துப் போனார். முதலில் பஞ்சாயத்துத் தலைவரிடம் பேப்பரைக் கொடுத்தோம். இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இத அப்பவே குடுத்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு அஞ்சப்பன் மனைவி மலரின் வீட்டுக்குப் போனோம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. வாசலில் தார்ப்பாய் விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தது அந்தப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. பாயைப் பார்த்து எழுந்து நின்றது. நான் யார் என்று பாய் சொன்னார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ட்ரம், சோடாத் தண்ணீர், கார்டு, எல்லாம். அதற்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. கடைசியில், "ஒங்க தம்பி ஒடைக்கல. அதுவாதான் ஒடஞ்சிது. நான் பண்ண தப்பு" என்றேன். அது மட்டும் புரிந்தது. கையில் இருந்த கருவாட்டைக் கீழே வைத்தது. அழும் என்று நினைத்தேன், அழவில்லை.

"இது எப்பலேர்ந்து தெரியும் ஒங்களுக்கு?"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்பத்தான் ரிப்போர்ட் வந்தது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆறு மாசமாகச் சொல்லிப் பழகிய பொய்.

"அவர் அந்தத் துண்ட எடுத்துகினு வந்தாரு இல்ல, அன்னைக்கே தெரியும்மா."

மலர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. பிறகு பாயைப் பார்த்துப் பேசியது, என்னைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு சாயந்தரம் வந்தான் பாய். தோ, இங்கதான் நின்னான். 'அக்கா, நான் ஒடைக்கலக்கா. அந்த மேடம் வாயால எதுவும் சொல்லல, ஆனா கையில வாங்கிப் பாத்ததுமே அவுங்க மூஞ்சி மாறிடுச்சி. அவுங்களுக்குத் தெரிஞ்சிபோச்சிக்கா, பேப்பர் குடுத்துடுவாங்க, பாரு'ன்னான். எவளோ மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சிகினு வந்துட்டானாம்னு சொல்லி, கதவ சாத்திட்டேன்."

பேப்பரை அதன் கையில் கொடுத்தேனா, தார்ப்பாயில் வைத்தேனா என்று இன்றைக்கும் நினைவில்லை. பாய் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். வழியெல்லாம் ஒன்றுதான் மனசில் ஓடியது. அவனுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே, அதற்குப் பிறகும் மூன்று தடவை வந்து, வாசலில் நின்று, "ரிப்போர்ட் வந்துச்சா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.